ஜாம் தடவிய காலை உணவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பள்ளி வேன் ஏழரைக்கு வந்துவிடும். மாவு தீர்ந்துபோன நாளில் இரண்டு துண்டு பிரெட்டைத் தோசைக்கல்லில் வாட்டி, ஜாமோ சாக்லேட் கிரீமோ தடவிப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பாத வீடு நகரங்களில் இன்று குறைவு. அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. காலை நேரத்தின் நெருக்கடி அப்படிப்பட்டது. எனக்குக் கோபம் வருவது பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் பேச்சைப் பார்த்துத்தான். பழச்சத்து என்கிறார்கள், பருப்பின் சத்து என்கிறார்கள், இயற்கை இனிப்பு, இரும்புச்சத்து என்கிறார்கள். இனிப்பு என்று தெரிந்து சாப்பிடுகிறவர் அளவு பார்த்துக்கொள்வார். சத்து என்று நம்புகிறவர் பிள்ளைக்கு நல்லதுதானே என்று இன்னொரு கரண்டி சேர்த்துத் தடவுவார். கெடுதல் அந்த இன்னொரு கரண்டியில் இருக்கிறது.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் நாம் பெறும் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே சர்க்கரையிலிருந்து வர வேண்டும். ஐந்து சதவீதத்துக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு இது 50 கிராம், முடிந்தால் 25 கிராம். 1400 கலோரி போதுமான ஒரு சிறு குழந்தைக்கு அந்த ஐந்து சதவீதம் 17 கிராம்தான். இந்தக் கணக்கில் நாம் அள்ளிப் போடும் சீனி மட்டும் வருவதில்லை. தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் சேரும். கடித்துத் தின்னும் முழுப்பழத்தில் இருப்பதும் பாலில் இயல்பாக இருப்பதும் சேராது.

நம்பிக்கை: ஜாமில் பழம் இருக்கிறது. பழம் சாப்பிடாத பிள்ளைக்கு அதுவே பழம்.

பழம் இருப்பது உண்மை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஜாம் தயாரிக்க எடுக்கும் பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்ட்ராபெரி, ராஸ்ப்பெரி ஜாமுக்கு மட்டும் 25 சதவீதம் போதும். அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது: காய்ச்சி முடித்த ஜாமில் கரைந்திருக்கும் திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதில் மிகப் பெரும்பகுதி சர்க்கரை. ஆக, ஒரு மேசைக்கரண்டி ஜாம், அதாவது 20 கிராம் எடுத்தால், சுமார் 13 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. சிறு பிள்ளையின் ஒரு நாள் அளவில் முக்கால் பங்கு காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது. அதோடு சீனி போட்ட ஒரு டம்ளர் சத்துமாவுப் பால் குடித்தால் முழுவதும் தீர்ந்தது.

இவ்வளவு சர்க்கரை ஏன் என்று கேட்பது நியாயம். ஜாம் தயாரிப்பவர்கள் ருசிக்காக மட்டும் இப்படிக் கொட்டுவதில்லை. பழத்தின் பெக்டின் என்ற நார்ப்பொருள் வலைபோல் பின்னிக்கொண்டால்தான் ஜாம் கட்டியாக நிற்கும். அதற்குப் புளிப்பும் வேண்டும், தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஏராளமான சர்க்கரையும் வேண்டும். அதே சர்க்கரைதான் கிருமிகளுக்குத் தேவையான ஈரத்தையும் பிடித்து வைத்து ஜாமைக் கெடாமல் காக்கிறது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பழத்தைச் சேமிக்க மனிதர்கள் கண்ட அருமையான வழி இது. பழநிப் பஞ்சாமிர்தமும் இந்த அறிவில்தான் நிற்கிறது. விருப்பாச்சி வாழைப்பழத்தை நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய்யோடு தண்ணீர் சேர்க்காமல் பிசைவதால் அது நாட்கணக்கில் கெடாமல் இருக்கிறது. பஞ்சாமிர்தத்தை நாம் பிரசாதமாக உள்ளங்கையில் வாங்கிக்கொள்கிறோம். ஜாமுக்கும் அந்த உள்ளங்கை அளவுதான் பொருந்தும்.

ஜாம் சத்துணவு என்ற பெயர் வாங்கியதற்கு ஒரு வரலாறும் உண்டு. பிரிட்டனில் 1874-இல் சர்க்கரைக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. விலை விழுந்ததும் ஜாம் ஆலைகள் பெருகின. மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985-இல் வெளியிட்ட ‘ஸ்வீட்னெஸ் அண்ட் பவர்’ என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆலை வேலைக்குப் போன தாய்மார்களுக்கு அடுப்பு மூட்ட நேரமில்லை. ஜாம் தடவிய ரொட்டி தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் சாப்பாடானது. இருந்த கொஞ்சம் இறைச்சி பெரும்பாலும் உழைக்கும் ஆணின் தட்டுக்குப் போனது. பசித்த பிள்ளைக்கு மலிவாகக் கலோரி கிடைத்தது, அதுவே சத்து என்று பேசப்பட்டது. கலோரி போதாமல் இருந்த பிள்ளைகளுக்குப் பிறந்த பெயரை, கலோரி மிஞ்சிக் கிடக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழம் வேண்டுமென்றால் ஒரு கொய்யாவை நறுக்கிக் கொடுங்கள். காய்ச்சும் சூட்டில் ஜாம் இழந்துவிடும் வைட்டமின் சி அதில் முழுசாக இருக்கிறது, நாரும் இருக்கிறது.

நம்பிக்கை: தேன், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழ சிரப் எல்லாம் இயற்கையானவை. எவ்வளவு தடவினாலும் தப்பில்லை.

தேனின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தேன் கனமானது என்பதால் கரண்டிக் கணக்கில் அது சீனியை மிஞ்சிவிடுகிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம், 16 கலோரி. ஒரு டீஸ்பூன் தேன் சுமார் 7 கிராம், 21 கலோரி. சீனிக்குப் பதில் தேன் தடவுகிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

தேனுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளின் இரவு இருமலை அது தணிக்கிறது. ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். பொட்யூலிசம் என்ற இந்த நோய் அரிதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு, சேனை வைக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டிலில் இருப்பது தேன்தானா என்பது வேறு கேள்வி. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 13 வணிகப் பெயர்களில் 10 பெயர்களின் தேன் என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனையில் தேறவில்லை. சர்க்கரைப் பாகு கலக்கப்பட்டிருக்கிறது என்றது மையம். நிறுவனங்கள் இதை மறுத்தன.

நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மணம் உண்டு, ருசி உண்டு, கொஞ்சம் தாது உப்பும் உண்டு. அந்தக் கொஞ்சம் எவ்வளவு? பிரெட்டில் தூவும் 10 கிராம் நாட்டுச் சர்க்கரையில் ஒரு மில்லிகிராம் இரும்பு தேறினாலே அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் திருத்திய பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ரத்தசோகையைப் பேரீச்சம்பழ சிரப் பாட்டிலால் தீர்த்துவிடலாம் என்று நம்பி, ரத்தப் பரிசோதனையையும் மாத்திரையையும் தள்ளிப்போடும் பெண்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

நம்பிக்கை: ஹேசல்நட் சாக்லேட் கிரீமில் பருப்பும் பாலும் இருக்கின்றன. அது சமச்சீர் காலை உணவு.

இத்தாலியின் ஃபெரேரோ நிறுவனம் 1964-இல் அறிமுகப்படுத்திய நுட்டெல்லாதான் இந்த வகைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. அதன் லேபிளைப் பாருங்கள். ஹேசல்நட் 13 சதவீதம். சர்க்கரை 100 கிராமுக்கு 56 கிராமுக்கும் மேல். பட்டியலில் சர்க்கரைக்கு அடுத்து நிற்பது பாமாயில். அமெரிக்காவில் இதைப் பிள்ளைகளின் சத்தான காலை உணவின் அங்கமாக விளம்பரம் செய்ததை எதிர்த்துக் கலிஃபோர்னியாவில் ஒரு தாய் 2011-இல் வழக்குத் தொடுத்தார். 2012-இல் சுமார் 30 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. விளம்பரத்தை மாற்றவும் சம்மதித்தது. தாய்மார் ஒரு விளம்பரத்தை நம்புவது மடமை ஆகாது. நம்பும்படி சொன்னவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

நம்பிக்கை: இனிப்பு தடவாவிட்டால் பிரெட் சுகருக்கு நல்லது. ரஸ்க் இன்னும் நல்லது.

நீரிழிவு உள்ள பலர் ஜாமை ஒதுக்கிவிட்டு நாலு துண்டு வெள்ளை பிரெட்டைச் சாப்பிட்டுவிட்டு, சுகர் ஏன் ஏறியது என்று கேட்கிறார்கள். ஒரு துண்டு பிரெட்டில் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மைதாவின் மாவுச்சத்து குடலில் விரைவாகவே குளுக்கோஸாகிவிடும். சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் கிளைசீமிக் குறியீட்டில் வெள்ளை பிரெட் 75-ஐ ஒட்டி நிற்கிறது, சீனி 65-ஐ ஒட்டி. சீனியில் பாதி ஃபிரக்டோஸ், அது கல்லீரலுக்குப் போகிறது, அதனால் இந்த வேறுபாடு. சீனி நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. தடவுவதை மட்டும் எண்ணி, தாங்கும் ரொட்டியை எண்ணாமல் விட்டால் கணக்கு தப்பும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரஸ்க் என்பது ஈரம் போகச் சுட்ட ரொட்டி. பெரும்பாலும் அதில் சீனியும் கொழுப்பும் சேர்ந்திருக்கின்றன. எடைக்கு எடை பார்த்தால் பிரெட்டைவிட மாவுச்சத்து அதிகம். பிரவுன் பிரெட் வாங்கும்போதும் நிறத்தைப் பார்க்காதீர்கள், பொருட்பட்டியலின் முதல் சொல்லைப் பாருங்கள். அதிகம் உள்ள பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். அங்கே மைதா இருந்தால் அது மைதா ரொட்டி.

நம்பிக்கை: ‘சுகர் ஃப்ரீ’ என்றால் கவலையில்லை.

‘சேர்க்கப்பட்ட சர்க்கரை இல்லை’ என்று எழுதிய ஜாமில் சுண்டக் காய்ச்சிய ஆப்பிள், திராட்சைச் சாறு இருக்கலாம். அதுவும் மேலே சொன்ன கணக்கில் வரும் சர்க்கரைதான். சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற மாற்று இனிப்பூட்டிகள் சேர்த்தவற்றில் கலோரி குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதிகம் சாப்பிட்டால் வயிறு போகும். செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கலாம்.

லேபிளில் இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். ஒரு பரிமாறலுக்கு, சேர்க்கப்பட்ட சர்க்கரை தினசரி அளவில் இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். நம் நாட்டு விதிப்படி அந்தச் சதவீதம் 50 கிராமை முழு அளவாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. 25 கிராமுக்குள் இருக்க விரும்புகிறவர் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பரிமாறல் என்று அவர்கள் சொல்லும் 15 கிராமும் நம் வீட்டுக் கரண்டியும் ஒன்றா என்பதையும் ஒருநாள் நிறுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: அப்படியானால் ஜாம் விஷம். வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது.

இதுவும் பொய்தான். ஆரோக்கியமான ஒருவர் மெல்லிசாக ஒரு டீஸ்பூன் ஜாம் தடவினால் 4, 5 கிராம் சர்க்கரை. நாளின் மற்ற வேளைகளில் கை அடக்கமாக இருந்தால் இது எந்தக் கெடுதலும் செய்யாது. டீக்கடையில் நண்பர்களோடு நின்று பன் பட்டர் ஜாம் சாப்பிடுவது ஒரு சந்தோஷம். அதற்குச் சத்து என்ற சாக்கு தேவையில்லை. சாப்பிட்டதும் வாய் கொப்பளித்துக்கொள்ளுங்கள். பல்லில் ஒட்டி நிற்கும் இனிப்புதான் சொத்தைக்கு வழிவிடுகிறது.

தினமும் தடவ ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது வேர்க்கடலை. வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பொறுமையாகத் தொடர்ந்தால் எண்ணெய் விட்டு விழுதாகும். தண்ணீர் படக் கூடாது. சிட்டிகை உப்பு போதும். சுருங்கிய, பூஞ்சை பிடித்த, கசக்கும் கடலைகளை முதலிலேயே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு அவற்றில் இருக்கக்கூடும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஒரு மேசைக்கரண்டி விழுதில் 4 கிராம் புரதம் கிடைக்கிறது. அதன் கொழுப்பும் புரதமும் சேர்ந்து உணவு வயிற்றைவிட்டு இறங்கும் வேகத்தைக் குறைப்பதால் பிரெட்டின் குளுக்கோஸ் நிதானமாக ஏறும். இனிப்பு கேட்கும் பிள்ளைக்கு மேலே வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி அடுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி விழுதில் கலோரி 90-க்கு மேல் இருப்பதால் இதிலும் ஒரு கரண்டியே அளவு. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது கூடவே கூடாது. கடையில் பீனட் பட்டர் வாங்கினால் சீனியும் வனஸ்பதியும் சேராததாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த இனிப்புகளே மருந்தாகும் நேரம் ஒன்று உண்டு. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், ஒரு மேசைக்கரண்டி தேனையோ சர்க்கரையையோ உடனே கொடுங்கள். ஜாமும் உதவும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். அப்போது சுகர் ஃப்ரீ பாட்டிலை எடுக்காதீர்கள், சாக்லேட் கிரீமும் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.