மணியைக் குறித்து வை

புதிதாகக் கறுப்பு கோட் போட்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. கட்சிக்காரரின் வீட்டார் அழுதுகொண்டு வந்ததும் சட்டப் பிரிவைத் தேடாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் பார்க்கக் கூட்டிப்போனார்கள் என்று எழுதி வாங்குங்கள். காலையில் வீட்டிலிருந்து தூக்கிப்போன ஆளை, மறுநாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகக் காட்டுவார்கள். மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கெடு அவர்கள் எழுதிய மணியிலிருந்து ஓடும்.

2. நாங்கள் அந்தக் காலத்தில் உடனே தந்தி அடிப்போம், எஸ்.பி.க்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும். ரசீதில் விழுந்த நேரத்தை எந்த இன்ஸ்பெக்டராலும் மாற்ற முடியாது. 2013-இல் தந்தி நின்றுபோனது. இப்போது இமெயில் அனுப்பி, பிரிண்ட் எடுத்து வையுங்கள். "போனில் சொன்னேன் சார்" என்பது கோர்ட்டில் நிற்காது.

3. ரிமாண்டின்போது பக்கத்திலேயே இருங்கள். "அடித்தார்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்கையில், அடித்தவரே பின்னால் நின்றால் எவன் வாய் திறப்பான்? போலீசாரை வெளியே நிறுத்தக் கேளுங்கள். காயத்தை உத்தரவில் பதியச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பிக்கு மனு போடுங்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று இருந்தாலும் அது உங்களுக்கு வேண்டும், காயம் இருந்ததை அதுவே ஒப்புக்கொள்கிறது. 2020-இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தைக்கும் மகனுக்கும் மருத்துவச் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. இருவரும் பிழைக்கவில்லை.

4. சாத்தான்குளம் ஸ்டேஷனில் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. 18 மாதம் பதிவு இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி உட்காராமல், பதிவைப் பாதுகாக்கக் கேட்டு முதல் வாரமே மனு போடுங்கள்.

5. மனித உரிமை ஆணையத்துக்குப் புகார், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள். சட்டவிரோதக் காவலுக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கும், வெளியே வந்து ஒரு வருடத்துக்குள்.

6. தொகையைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள். விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு, 1983-இல் கிடைத்தது 35,000 ரூபாய். பொய் உளவு வழக்கில் கைதான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் வழங்கச் சொன்னார்கள். கைதாகி 24 வருடம் கழித்து.

7. ஸ்டேஷனில் குரலை உயர்த்தாதீர்கள். எல்லாரையும் எதிரியாக்காதீர்கள். சாத்தான்குளத்தில் நடந்ததைத் துணிந்து சொன்னவர் அங்கே டூட்டியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அன்று டூட்டியில் யார் யார் என்ற பட்டியலை எப்படியாவது வாங்கிவிடுங்கள்.