ஆஸ்கார் வழங்கும் கழகம்: தோற்றமும் ஆட்சிமுறையும்

2009ஆம் ஆண்டு ஏ.ஆர். ரகுமான் இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்று, அம்மேடையில் தமிழில் இறைவனைப் புகழ்ந்தபோது நாமெல்லாம் பூரித்தோம். விருதை அறிந்த அளவுக்கு, அதனை வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கலை அறிவியல் கழகத்தை நாம் அறிந்தோமில்லை. ஓர் அமைப்பு எவ்வாறு பிறந்து, தளர்ந்து, நிலைபெறுகிறது என்பதற்கு அது நல்லதொரு பாடமாகும்.

தோற்றம்

1926இல் ஹாலிவுட் படநிறுவனங்கள் தொழிலாளர் சங்கங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்து நடிகரும் எழுத்தாளரும் சங்கம் காண்பர் எனக் கருதிய லூயிஸ் பி. மேயர் என்னும் படநிறுவனத் தலைவர், அனைவரையும் ஒரே குடையின்கீழ்க் கொணர விழைந்தார். 1927இல் 36 பேரை நிறுவனர்களாகக் கொண்டு கழகம் உருவாயிற்று. நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் முதல் தலைவரானார். நடிகர், இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர், தொழில்நுட்பர் என ஐந்து பிரிவுகள் அமைந்தன. முதல் விருது விழா 1929இல் நடைபெற்றது.

சோதனை

முதலாளியும் ஊழியரும் ஒரே அவையில் அமர்ந்தால், பூசல் எழும்போது அவ்வவை யார் பக்கம் நிற்கும்? 1933இல் பொருளாதார மந்தத்தால் நிறுவனங்கள் ஊதியத்தைக் குறைத்தபோது இவ்வினா எழுந்தது. கழகம் அக்குறைப்புக்குத் துணைநின்றது. நடிகர்கள் அவ்வாண்டே தனிச்சங்கம் கண்டனர். பலர் கழகத்தினின்றும் விலகினர். நம்பிக்கை இழந்த கழகம், அப்பத்தாண்டு முடிவதற்குள் ஊதியப் பேச்சுவார்த்தைகளைக் கைவிட்டுக் கலைப்பணியே தன்பணி என வரையறுத்துக்கொண்டது. அவ்வரையறையே அதனைக் காத்தது எனலாம்.

ஆட்சிமுறை

இன்று கழகம் தொழில்வாரியான பல பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொரு பிரிவினரும் தம்முள் சிலரை ஆளுநர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒருவரின் பதவிக்காலம் மூன்றாண்டு. வாழ்நாளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எவரும் அப்பதவி வகித்தல் இயலாது. நடிப்புக்குரியோரை நடிகரும், இயக்கத்திற்குரியோரை இயக்குநரும் முன்மொழிவர். இறுதி வாக்கு உறுப்பினர் அனைவர்க்கும் உரியது. 1940இல் விழாவுக்கு முன்பே நாளிதழொன்று முடிவுகளை வெளியிட்டமையால், மறு ஆண்டு முதல் முத்திரையிட்ட உறை வழக்கிற்கு வந்தது. உறுப்பினருள் பெண்களும் சிறுபான்மையினரும் குறைவு என்ற கண்டனம் எழவே, 2016 முதல் சேர்க்கைமுறையும் திருத்தம் பெற்றது.

முடிவாக, நிறுவியவரின் நோக்கம் ஓர் அமைப்பை நெடுங்காலம் தாங்குவதில்லை. தெளிந்த விதியும், காலவரம்புடைய பதவியும், பிழை கண்டவிடத்துத் திருத்தும் துணிவுமே தாங்குகின்றன. கல்லூரித் தமிழ்ப் பேரவையாயினும் ஊர் ஜமாஅத்தாயினும் இவ்வுண்மை பொதுவானதே. பொறுப்பேற்கவிருக்கும் நம் மாணவர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.