ஈரலில் நீர்க்கட்டியா? கடன் எழுதும் முன் கேளுங்கள்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் அக்கா ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, "ஈரல்ல கட்டியாம். ஆபரேசனுக்கு நாப்பதாயிரம் கடன் வேணும்" என்று அழுதார். கட்டி என்றாலே புற்றுநோய் என்று பயந்துவிட்டார். எல்லோரும் தீர்மானம் எழுதத் தயார். நானும் தலையாட்டத்தான் இருந்தேன். பிறகு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "2 சென்டிமீட்டர் சாதா நீர்க்கட்டிம்மா, இதுக்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்" என்றார். வயிற்று வலிக்குக் காரணம் இரைப்பைப் புண்.

சாதா நீர்க்கட்டி என்பது ஈரலுக்குள் இருக்கும் தண்ணீர்ப் பை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்; வயது ஏற ஏற ஸ்கேனில் தெரியும். தொல்லை தராதவரை அப்படியே விட்டுவிடலாம். பெரிதாகி வலித்தாலோ, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு முட்டினாலோதான் சிகிச்சை. ஊசியால் நீரை மட்டும் எடுத்தால் திரும்பவும் ஊறிவிடும். அதனால் நீரை எடுத்துவிட்டு உள்ளே மருந்து செலுத்துவார்கள். அல்லது சிறு துளை வழியாகக் கட்டியின் மேல்சுவரை வெட்டித் திறந்துவிடுவார்கள்.

ஆனால் ஆடும் நாயும் வளர்க்கும் வீடுகளில் இன்னொரு வகை வரலாம். அது நாய் நாடாப்புழுவால் வரும் கட்டி, டாக்டர்கள் ஹைடாடிட் என்பார்கள். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. உள்ளிருக்கும் நீர் கசிந்தால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டியின் நிலையைப் பொறுத்து அல்பெண்டசோல் மாத்திரை, ஊசி முறை, அறுவை சிகிச்சை என்று முடிவு செய்வார்கள். புழு செத்துச் சுண்ணாம்பு படிந்த கட்டியாக இருந்தால் சும்மா கவனித்து வருவதும் உண்டு. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரைதானே என்று கடையில் வாங்கிப் போடாதீங்க. இதற்கு மாதக் கணக்கில், இடையிடையே ரத்தப் பரிசோதனையோடு சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழே வலித்தால் சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்க.

ஆகவே டாக்டரிடம், "இது எந்த வகைக் கட்டி? இப்பவே ஆபரேசன் வேணுமா? காப்பீட்டு அட்டையில முடியுமா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு கடன் மனு எழுதலாம்.

கறி சாப்பிடுவதால் ஹைடாடிட் வராது. நாயின் மலத்தில் இருக்கும் முட்டை நம் கை, கீரை, தண்ணீர் வழியாக வாய்க்குள் போவதால்தான் வருகிறது. ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர்ப்பை தெரிந்தால் நாய்க்கு வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். நாய்க்குப் பூச்சி மருந்து பற்றிக் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.