ஊர்ப் பெயரும் உணவும்: ஏழாம் வகுப்பில் ஒரு தேடல்

கடந்த ஆண்டு ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு 'எங்கள் ஊர், எங்கள் உணவு' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். நம் மாவட்டத்தில் புகழ்பெற்ற உணவுகளைச் சொல்லச் சொன்னதும் கைகள் உயர்ந்தன. சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, கருப்பட்டி மிட்டாய் என்று கரும்பலகை நிறைந்தது. கடைசியாக ஒரு மாணவி எழுந்து, "கம்மங்கூழு டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் யோசிக்காமல், "அது சாதாரணச் சாப்பாடும்மா. நம்ம ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது ஏதாவது சொல்லு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடியலில் கிளம்பும் அவர்களுக்காக அப்பத்தா முந்தின இரவே கூழ் காய்ச்சி வைப்பார். அந்த வீட்டின் தினசரி உணவைத்தான் நான் 'சாதாரணம்' என்று தள்ளிவிட்டேன் என்பது மாலையில்தான் உறைத்தது. அடுத்த இரண்டு நாள்களும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. செயல்திட்டத்தை அப்படியே முடித்திருந்தால், சில கடைப் பலகாரங்களின் படம் ஒட்டிய சார்ட் ஒன்று சுவரில் தொங்கியிருக்கும். அதை நிறுத்திவிட்டு, கேள்வியை மாற்றினேன். 'எது புகழ்பெற்றது?' என்பதற்குப் பதிலாக, 'இது எங்கிருந்து வந்தது, அது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டேன். அந்தத் தேடல் நான்கு வாரம் நடந்தது. பிற பள்ளிகளுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே பகிர்கிறேன்.

மூன்று கட்டங்கள்

முதலில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் கொடுத்து, மூன்று கட்டங்கள் போடச் சொன்னேன். முதல் கட்டம் 'சொல்கிறார்கள்', இரண்டாவது 'பார்க்க முடிகிறது', மூன்றாவது 'ஊகிக்கிறோம்'. எந்தச் செய்தி கிடைத்தாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் எழுத வேண்டும். பாட்டி சொன்ன கதைக்கும் இணையத்தில் படித்ததற்கும் முதல் கட்டம். கல்வெட்டு, பத்திரம், கண்ணால் கண்ட கோயில், அகராதிப் பொருள் ஆகியவற்றுக்கு இரண்டாவது கட்டம். நாமே காரணம் கற்பித்தால் மூன்றாவது.

பெயர்கள் மாறும்

ஊர்ப் பெயரில் தொடங்கினோம். வீட்டில் உள்ள பழைய பத்திரம், சான்றிதழ், கடிதம் எதையாவது பெற்றோர் அனுமதியுடன் பார்த்து, அதில் மாவட்டத்தின் பெயர் என்ன என்று மட்டும் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் மூன்று விடைகள் வந்தன: ராமநாதபுரம் மாவட்டம், காமராஜர் மாவட்டம், விருதுநகர் மாவட்டம். "எங்க தாத்தா வேற மாவட்டத்துல இருந்து வந்தவரா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். தாத்தா இருந்த இடத்திலேயேதான் இருந்தார், பெயர்தான் மாறியது. 1985இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நம் பகுதி காமராஜர் மாவட்டமானது. 1997இல் அது விருதுநகர் மாவட்டமானது. காமராஜர் 1903இல் விருதுபட்டியில் பிறந்தார் என்று படிக்கிறோமே, அந்த விருதுபட்டிதான் 1923இல் விருதுநகர் ஆயிற்று. 'பட்டி' 'நகர்' ஆனதிலேயே அந்த வணிக ஊர் தன்னை எப்படிப் பார்க்கத் தொடங்கியது என்பது தெரிகிறது.

அடுத்து, பேருந்துப் பலகைகளில் பார்க்கும் ஊர்களை ஈற்றுச் சொல்லை வைத்துப் பிரித்தோம். ராஜபாளையத்தில் 'பாளையம்' இருக்கிறது. அதற்குப் படை தங்கும் இடம் என்று பொருள். தளவாய்புரத்தில் படைத்தலைவரைக் குறிக்கும் 'தளவாய்' இருக்கிறது. பாலவநத்தத்தில் உள்ள 'நத்தம்' குடியிருப்பு நிலம். வருவாய்த் துறை ஆவணங்களில் இன்றும் வழங்கும் சொல். குல்லூர்சந்தை தன் பெயரிலேயே சந்தையை வைத்திருக்கிறது. விஜயகரிசல்குளத்தில் மண்ணும் நீரும் சேர்ந்தே இருக்கின்றன. வெம்பக்கோட்டை அருகே 2022 முதல் அகழாய்வு நடந்து, சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொருள்களும் கிடைத்த ஊர் அதுதான். குளம், ஏந்தல், ஊருணி, கிணறு என்று முடியும் பெயர்களைத் தனியாக எண்ணச் சொன்னேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் மாவட்டம் இது. தண்ணீர் நின்ற இடத்தில்தான் ஊர் நின்றது என்பதைப் பிள்ளைகள் பட்டியலைப் பார்த்துத் தாங்களே சொன்னார்கள்.

கதையும் சான்றும்

சிவகாசிக்கு எல்லாரும் அறிந்த கதை உண்டு. பாண்டிய மன்னர் ஒருவர் காசியிலிருந்து தென்காசிக்கு லிங்கம் கொண்டுவந்தபோது, வழியில் அதைச் சுமந்த பசு நகர மறுத்ததாம். நின்ற இடத்திலேயே லிங்கத்தை நிறுவியதால் சிவகாசி என்பார்கள். இது முதல் கட்டத்துக்குரியது. சிவகாசியில் காசி விசுவநாதர் கோயில் இருக்கிறது. தென்காசிக் கோயில் பராக்கிரம பாண்டியன் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இவை இரண்டாவது கட்டத்துக்குரியவை. பசு நின்றதை நிறுவ முடியாது. ஆனால் இரண்டு ஊர்களும் காசியை நினைத்தே பெயர் பெற்றன என்பதைக் கதை மறக்காமல் வைத்திருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வில்லி, கண்டன் என்ற இரு வேடச் சகோதரர்களின் கதை. திருச்சுழிக்கு வெள்ளச் சுழியின் கதை. சாத்தூருக்கோ இரண்டு விளக்கங்கள்: ஐயனாரைக் குறிக்கும் 'சாத்தன்' என்பதிலிருந்து வந்தது என்பர் சிலர், வணிகக் கூட்டத்தைக் குறிக்கும் 'சாத்து' என்பதிலிருந்து என்பர் வேறு சிலர். "எது சரி டீச்சர்?" என்று கேட்டார்கள். இரண்டையும் முதல் கட்டத்திலேயே விடச் சொன்னேன். விடை இல்லாமல் ஒரு கட்டத்தை விட்டுவைக்கப் பிள்ளைகளுக்கு முதலில் மனம் வரவில்லை. இதைப் பழக்குவதற்கே ஒரு பாடவேளை ஆயிற்று.

திருத்தங்கல் இதற்கு நேர்மாறு. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு 'தங்கால்' ஒட்டி நிற்கிறது. சிலப்பதிகாரத்தில், தவறாகச் சிறையிடப்பட்ட வார்த்திகனுக்குப் பாண்டியன் ஈடாகக் கொடுத்த ஊர்களில் ஒன்றாகத் தங்கால் வருகிறது. பேருந்தில் தினமும் கடக்கும் ஊர் அது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

தட்டில் உள்ள உலகம்

மூன்றாம் வாரம் உணவுக்கு வந்தோம். ஒவ்வொரு உணவுக்கும் இரண்டு கேள்விகள்: பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது? அதிலுள்ள பொருள்கள் எங்கிருந்து வந்தன? உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி, நூல் கட்டினோம்.

பரோட்டா, சேவு, மிட்டாய், பால்கோவாவில் உள்ள 'கோவா' ஆகியவை வடக்கிலிருந்து வந்த சொற்கள். பரோட்டாவின் கோதுமை முதலில் பயிரானது மேற்கு ஆசியாவில். காராச்சேவின் கொண்டைக் கடலையும் அங்கிருந்துதான். நிலக்கடலை தென் அமெரிக்காவுக்குரியது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்குரியதுதான். போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே இந்தியாவுக்கு வந்தது. மிளகுபோல் காரமான காய் என்பதால் 'மிளகாய்' ஆயிற்று. வத்தல் வணிகத்துக்குப் பெயர்போன விருதுநகருக்கு, 600 ஆண்டுகளுக்கு முன் மிளகாய் என்றால் என்னவென்றே தெரியாது! இதை நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்த மாணவன் மறுநாள் நூலகப் புத்தகத்தோடு வந்தான்.

பால்கோவாவை அறிவியலோடும் கணக்கோடும் இணைத்தோம். பாலில் சுமார் 87 விழுக்காடு தண்ணீர். அப்படியானால் 10 லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் நிற்கும் திடப்பொருள் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். மிகுதி எடை சர்க்கரையும் சிறிது ஈரமும். கெட்டுப்போகும் பாலைச் சில நாள் வைத்திருக்கும் வழியாகவும் இதைப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது.

இந்த இடத்தில் தொலைதூரத் தீவுகளைச் சொன்னேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்ற ஊரின் கறுப்புப் புட்டிங்குக்கு 2013இல் இதே வகைப் பாதுகாப்பு கிடைத்தது. ரத்தமும் ஓட்ஸும் கொழுப்பும் சேர்த்துச் செய்வது அது. முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். "எங்க வீட்லயும் ஆட்டு ரத்தம் பொரிப்பாங்க" என்று நான்கைந்து குரல்கள் வந்தன. அந்த ஊர்ப் பெயர் ஆங்கிலச் சொல்லே அல்ல. கடல் கடந்து நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் விட்டுச்சென்றது. ஷெட்லாண்டு தீவின் லெர்விக் என்ற ஊர்ப் பெயருக்கு அவர்கள் மொழியில் 'சேற்று விரிகுடா' என்று பொருள். நமக்குக் கரிசல்குளம்போல அவர்களுக்கு லெர்விக். குளிரும் குறுகிய கோடையுமுள்ள ஆர்க்னி தீவில் 'பியர்' என்ற பழைய வாற்கோதுமையைத்தான் நெடுங்காலமாக ரொட்டிக்கு நம்பினார்கள். வறண்ட கரிசலில் நாம் நம்பிய தானியம் எது என்று கேட்டேன். "கம்பு" என்ற பதில் பல இடங்களிலிருந்து வந்தது. நான் அந்த மாணவியைப் பார்த்தேன். அவளும் சொல்லியிருந்தாள், மெல்ல.

கூழின் முறை

அவளிடமும் வகுப்பிடமும் நான் செய்தது தவறு என்று சொன்னேன். கூழைப் பற்றிய பகுதியை அவள் குழுவே செய்யட்டும் என்றேன். அப்பத்தாவிடம் கேட்டு அவர்கள் எழுதி வந்த பக்கம், செயல்திட்டத்திலேயே நிறைவான பக்கம். கம்பை எப்படிப் புடைப்பது, இடித்த மாவை எப்படிப் புளிக்க வைப்பது, கோடையில் மோரும் சின்ன வெங்காயமும் ஏன் சேர்ப்பது என்று எல்லாம் இருந்தன. 'கூழ்' என்ற சொல் திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தில் வருவதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

'அப்படியென்றால் கூழ்தான் அசல் உணவு, பரோட்டா வந்தேறி' என்று ஒரு குழு முடிவு கட்டியது. இதற்கும் இடம் தரவில்லை. கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவில் முதலில் பயிராகி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்தவை. நம் மாவட்டத்தில் இன்றும் விளையும் குதிரைவாலியும், உளுந்தும் பாசிப்பயறும் இந்தியாவிலேயே பயிரானவை. ஆக, ஒரே தட்டில் வெவ்வேறு கண்டங்கள் இருக்கின்றன. எது முன்னால் வந்தது என்பது வரலாறு. எது உயர்ந்தது என்பதற்கு அது விடை ஆகாது. விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதற்கு, 'எண்ணெய் வணிகம் மிகுந்த ஊர் என்பதால் இருக்கலாம்' என்று ஒரு மாணவன் எழுதினான். எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறான் என்று பார்த்தேன். 'ஊகிக்கிறோம்' என்பதில். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

செய்து பார்ப்பவர்களுக்கு

ஊர்ப் பெயர்க் கதைகளில் சில, ஒரு சாராரை உயர்த்தியும் ஒரு சாராரைத் தாழ்த்தியும் பேசும். அவை வகுப்புக்கு வரவே செய்யும். அப்போது 'இதைச் சொன்னவர் யார்? இதில் யாரைப் பற்றிப் பேச்சே இல்லை?' என்று கேட்டால், பிள்ளைகள் நிதானமாக யோசிக்கிறார்கள். எந்தக் கடை முதலில் தொடங்கியது என்ற போட்டிக்குள் போக வேண்டாம். பெற்றோரின் ஆவணங்களை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாமல், பெயரை மட்டும் குறித்துவரச் சொல்வது பாதுகாப்பானது. உணவைக் கொண்டுவரச் சொன்னால் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தவிப்பார்கள். செய்முறையை எழுதிவரச் சொன்னாலே போதும். தமிழ், சமூக அறிவியல், அறிவியல், கணக்கு ஆகிய நான்கு பாடங்களுக்கும் இதில் இடம் உண்டு. வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதுமானது.

நிறைவு நாளில் பெற்றோர் சிலர் வந்திருந்தார்கள். அந்த மாணவியின் அப்பத்தாவும் வந்தார். நூல்கள் கட்டிய வரைபடத்துக்கு முன் நின்று, ஆப்பிரிக்காவிலிருந்து நம் ஊருக்கு வந்த நூலைப் பேத்தி காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்க இருக்கவுகளும் கூழ்தான் குடிப்பாகளா?" என்று என்னிடம் கேட்டார். அங்கே பல நாடுகளில் கம்பு மாவைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்பச் சரி" என்றார்.

இந்த ஆண்டு ஊருணிகளின் பெயர்களை எடுத்திருக்கிறோம். உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள பெயர்களையும் அடுப்படியையும் உங்கள் மாணவர்களோடு ஒருமுறை தேடிப் பாருங்கள்.