சிலுவையின் வழி எதற்கு?

தவக்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை செய்கிறோம். பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு எழுகிறோம். வீட்டில் பெரியவர்கள் ஒருசந்தி இருக்கிறார்கள், சுத்தபோசனம் அனுசரிக்கிறார்கள். இவையெல்லாம் நமக்குச் சிறு வயது முதலே பழகிப் போனவை. பழகிப் போனதாலேயே, ‘இது எதற்காக?’ என்று கேட்க நாம் மறந்து விடுகிறோம்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாள் ஒரு மாணவி அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். “இறைவன் எல்லாம் வல்லவர் என்று படிக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லி உலகைப் படைத்தவர், ஒரு வார்த்தை சொல்லி நம்மை மன்னித்திருக்கலாமே! தம் ஒரே மகனை இத்தனை வேதனைக்குக் கையளிப்பானேன்? துன்பப்பட்டால்தான் மீட்பு என்றால், இறைவன் நம் துன்பத்தை விரும்புகிறாரா?” வகுப்பு அமைதியாகிவிட்டது. பல மாதங்களாக நோயில் கிடக்கும் தன் தாயை நினைத்தே அவள் கேட்டாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரை.

மறைவல்லுநர் தரும் விடை

இக்கேள்வி புதியதன்று. கேன்டர்பரி பேராயராயிருந்த புனித அன்செல்ம், ‘இறைவன் ஏன் மனிதரானார்?’ என்ற தலைப்பிலேயே ஒரு நூலை 1098-ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். பாவம் என்பது இறைவனுக்கு நாம் பட்ட கடன். கடன்பட்டவன் மனிதன், ஆனால், அதைத் தீர்க்கும் ஆற்றல் இறைவனுக்கே உண்டு. ஆகவே, இறைவனும் மனிதருமான ஒருவரே அதைத் தீர்க்க முடியும் என்பது அவரது விளக்கம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் இதை இன்னும் ஆழமாக ஆராய்ந்தார். இறைவன் விரும்பியிருந்தால் வேறு வழியிலும் நம்மை மீட்டிருக்க முடியும் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் சிலுவை ஏன்? இறைவன் நம்மை எவ்வளவு நேசிக்கிறார் என்பதை மனிதன் கண்ணால் கண்டு, பதிலுக்கு அவரை நேசிக்கத் தூண்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்கிறார். கீழ்ப்படிதல், தாழ்ச்சி, உறுதி, நீதி ஆகிய புண்ணியங்களுக்கும் சிலுவையே நமக்கு முன்மாதிரி ஆகிறது.

இதை ஓர் எளிய உதாரணத்தால் விளங்கிக் கொள்ளலாம். நம் தெருவில் ஒருவர் மற்றொருவருக்கு ஆயிரம் ரூபாய் கடன் தருகிறார். வாங்கியவரால் திருப்பித் தர இயலவில்லை. “போகட்டும், தர வேண்டாம்” என்கிறார் கொடுத்தவர். கடன் மறைந்துவிட்டதா? இல்லை; அந்த ஆயிரம் ரூபாய் நட்டத்தைக் கொடுத்தவர் தாமே ஏற்றுக்கொண்டார். மன்னிப்பு என்பது வெறும் வார்த்தை அன்று. மன்னிப்பவர் சுமக்கும் சுமை. மனுக்குலத்தின் பாவச் சுமையை இறைவனே சுமந்ததைத்தான் கல்வாரியில் காண்கிறோம். பிறர் மகனை அவர் பலி கேட்கவில்லை, தம்மையே தந்தார்.

துன்பம் வேறு, அன்பு வேறு

இங்கே நாம் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாத ஒன்று உண்டு. நம்மை மீட்டது வேதனையின் அளவு அன்று. அந்த வேதனையிலும் குன்றாத அன்பு. இயேசுவோடு இரு கள்வரும் சிலுவையில் தொங்கினார்கள். வேதனை மூவருக்கும் இருந்தது. உலகை மீட்டது ஒருவருடைய சிலுவையே.

இயேசு துன்பத்தைத் தேடிப் போகவுமில்லை. கெத்சமனித் தோட்டத்தில், அந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலக்கூடாதா என்றே தந்தையிடம் மன்றாடினார். நோயாளிகளைக் கண்டபோது, ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல் குணமாக்கினார். பசித்தவர்களுக்கு அப்பம் அளித்தார். ஆகவே, பிறர் படும் துன்பத்தைப் பார்த்து, ‘அது அவர்களுடைய சிலுவை’ என்று ஒதுங்கிப் போவது கிறிஸ்தவம் ஆகாது. ஒரு பெண் வீட்டில் அடிபட்டுக் கொண்டிருந்தால், அவளுக்குப் பொறுமையைப் போதிப்பது நம் கடமையன்று. அந்த அநீதியைத் தடுப்பதே கடமை.

நம் மண்ணில் ஒரு சாட்சி

இந்த உண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அரண்மனைப் பணியில் உயர்ந்த நிலையில் இருந்தவர். ஒரு சமயம் அவருடைய குடும்பத்துக்கு அடுக்கடுக்காக இழப்புகள் வந்தன. மனம் சோர்ந்திருந்த அவருக்குத் துணை நின்றவர் டிலனாய் என்ற தளபதி. 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியாற்றியவர் அவர். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை அவர் நீலகண்டருக்கு எடுத்துச் சொன்னார் என்பது வழிவழி வந்த செய்தி.

கவனியுங்கள். நீலகண்டர் கேட்டதும் நம் வகுப்பு மாணவி கேட்ட அதே கேள்விதான்: எனக்கு ஏன் இந்தத் துன்பம்? அதற்கு விடை தேடிப் போனவர் கிறிஸ்துவைக் கண்டடைந்தார். 1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். ‘இறைவனே உதவி’ என்பது அப்பெயரின் பொருள்.

அதன் பின் துன்பம் குறைந்ததா? இல்லை, பெருகியது. எல்லா மக்களும் சமம் என்று சாதி வேற்றுமை பாராமல் பழகியது உயர்ந்த நிலையிலிருந்த பலருக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்பிடிக்கப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள், அடித்தார்கள், காயங்களில் மிளகுப் பொடி தேய்த்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. விசுவாசத்தை விட்டுவிட்டால் இழந்த பதவி திரும்பக் கிடைத்திருக்கும். அவர் விடவில்லை. கட்டுண்டு கிடந்த நாளிலும், தம்மைப் பார்க்க வந்த ஏழை எளியோருக்கு ஆறுதல் சொன்னார். 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடலின் எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, இல்லறத்தில் வாழ்ந்த ஓர் இந்தியர் இச்சிறப்பைப் பெற்றது அதுவே முதல் முறை.

தேவசகாயம் துன்பத்தை விரும்பினார் என்று சொல்லலாமா? கூடாது. அவர் விரும்பியது கிறிஸ்துவை. அந்த அன்புக்கு விலையாகத் துன்பம் வந்தபோது, விலைக்கு அஞ்சி அன்பைக் கைவிடவில்லை. தியாகம் என்பதன் பொருள் இதுவே.

நமக்கு உள்ள பங்கு

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் சுடப்பட்டு, சாவின் விளிம்பு வரை சென்று திரும்பியவர். 1983 டிசம்பரில் சிறைக்குச் சென்று, தம்மைச் சுட்டவரைச் சந்தித்தார். அதன் பின், 1984 பிப்ரவரி 11-ஆம் நாள், மனிதத் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருள் குறித்து ஒரு திருத்தூது மடலை வெளியிட்டார். அம்மடல் நல்ல சமாரியர் உவமையில் வந்து நிற்கிறது. நம் துன்பத்தைக் கொண்டு நன்மை செய்வது, துன்புறுவோருக்கு நன்மை செய்வது என்ற இரண்டு பாடங்களைக் கிறிஸ்து நமக்குக் கற்பித்தார் என்பதே அதன் சாரம். தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதையும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் ஒருங்கே வைத்துத் தவம் என்றார் வள்ளுவர். அதனோடு ஒரு படி சேர்த்து, பிறர் துன்பத்தில் பங்கு கொள்ளவும் அழைக்கிறார் இயேசு.

நாம் வாழும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதே இப்படி மருவிற்று என்பர். தறியில் நூல் தளர்ந்து கிடந்தால் துணி ஆகாது. இழுத்துக் கட்டினால்தான் ஆகும். ஆனால், நெசவாளர் நூலை வருத்துவதற்காக இழுப்பதில்லை. யாரோ ஒருவர் உடுத்துவதற்காக இழுக்கிறார். நம் ஒறுத்தல்களும் அப்படியே இருக்க வேண்டும். ஒருவேளை தின்பண்டத்தை விட்டால் அந்தக் காசு ஓர் ஏழையின் கைக்குப் போக வேண்டும். இல்லையேல் அது வெறும் பட்டினியே.

அந்த மாணவியின் கேள்விக்கு நாங்கள் முழு விடை கண்டுவிட்டதாகச் சொல்லவில்லை. அவள் தாயின் நோயை இறைவன் விரும்பி அனுப்பினார் என்றும் சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்று சொல்வோம்: சிலுவையில் தொங்கிய இறைவன், நோயாளியின் கட்டிலை எட்ட நின்று பார்ப்பவர் அல்லர். அந்தக் கட்டிலருகே அவர் இருக்கிறார் என்று நம்புகிறோம். அப்படி நம்புகிற நாமும் அங்கே இருக்க வேண்டாமா? வகுப்பு முடிந்ததும் இருவர் அவளுடன் அவள் வீட்டுக்குப் போனார்கள். அன்றைய மறைக்கல்விப் பாடம் அங்கேதான் நிறைவு பெற்றது.