நாடியை எண்ணுவோம்

மும்பை தாராவியில் ஒரு தையல்காரர். வயது 50. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. தினமும் வேகமாக நடக்கும்படி மருத்துவர் சொன்னார். நாடித் துடிப்பைக் காட்டும் கருவி வாங்க நினைத்தார். எதை வாங்குவது? பக்கத்து வீட்டு நர்ஸிடம் கேட்டார்.

"முதலில் கையால் எண்ணப் பழகுங்கள், அண்ணே. அதற்குக் காசு வேண்டாம்" என்றார் நர்ஸ்.

"எப்படி எண்ணுவது, சிஸ்டர்?"

"மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வையுங்கள். கட்டைவிரலால் தொட வேண்டாம். அதிலும் துடிப்பு உண்டு. கணக்குத் தவறும். 30 விநாடி எண்ணுங்கள். இரண்டால் பெருக்குங்கள்."

தையல்காரர் எண்ணினார். 36 வந்தது. 36 × 2 = 72.

"ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கும்" என்றார் நர்ஸ்.

"நடக்கும்போது?"

"220-இல் வயதைக் கழியுங்கள். உங்களுக்கு 170. அதில் பாதி 85. நூற்றுக்கு எழுபது என்றால் 119. நடக்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கலாம். இது தோராயக் கணக்குதான். சில ரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்."

பிறகு கருவிகளைப் பற்றிச் சொன்னார்.

மார்புப் பட்டை: இதயத்தின் மின் துடிப்பை அறியும். ஓடும்போதும் நன்றாகக் காட்டும். நனைத்து, தோலில் படும்படி கட்ட வேண்டும். எண்ணைப் பார்க்கத் தனிக் கடிகாரமோ செல்போனோ தேவை.

கைக்கடிகாரம்: ஒளியால் ரத்த ஓட்டத்தை அறியும். நடப்பவர்களுக்கு இது போதும். தளர்வாகக் கட்டினால் தவறாகக் காட்டும்.

விரலில் மாட்டும் கருவி: 2020, 2021-இல் கொரோனாவின்போது பலரும் வாங்கியது. உட்கார்ந்து பார்க்க ஏற்றது. விரல் அசைந்தால் தவறும்.

வாங்கும்போது கவனியுங்கள்:

1. எண்கள் பெரிதாக, வெயிலிலும் தெரிகின்றனவா?
2. செல்போன் இல்லாமல் இயங்குமா?
3. கையால் எண்ணியதும் கருவி காட்டுவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா?
4. ரசீதும் உத்தரவாத அட்டையும் தருகிறார்களா?

"கடைசியாக ஒன்று, அண்ணே. நெஞ்சு வலித்தால், மூச்சுத் திணறினால், தலை சுற்றினால் உடனே நடப்பதை நிறுத்துங்கள். கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் நம்பி இருக்க வேண்டாம். மாரடைப்பு வருவதை அது சொல்லாது. தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்."

பயிற்சி

1. உங்கள் நாடியை 30 விநாடி எண்ணுங்கள். ____ × 2 = ____
2. 220 − உங்கள் வயது = ____
3. கட்டைவிரலால் ஏன் நாடி பார்க்கக் கூடாது?
4. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.