சன்னலில் ஒரு வண்ண வில்லை

பள்ளி விடுமுறையில் நம் சிறுவர்கள் கைவேலை ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினால், பெரும் பொருள் செலவிட வேண்டுவதில்லை. பள்ளியில் பயன்படும் வெள்ளைப் பசை, பலகாரத்திற்கு இடும் உணவுச் சாயம், மார்ஜரின் டப்பாவின் மூடி, ஈர்க்கு, நூல் ஆகியவை போதும். ஆனால் களைக்கொல்லியோ அமிலமோ இருந்த கலத்தின் மூடியை, எத்துணை முறை கழுவினும், எடுக்கலாகாது. நஞ்சு பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கக்கூடும். அதைத் தொடுவது சிறுவர் கை.

மூடியின் அடி மறையுமளவு பசையை ஊற்றுக. நீரில் கரைத்த சாயத்தை ஆங்காங்கே ஓரிரு துளி இட்டு, ஈர்க்கின் நுனியால் மெல்ல இழுத்தால், கோலம்போல் வண்ணம் ஓடும். மிகுதியாகக் கலக்கினால் எல்லாம் கூடிப் பழுப்பாகிவிடும்.

வெண்ணிறப் பசை ஒளி புகும் வில்லையாவது எங்ஙனம்? மங்கில் வடியும் ரப்பர் பாலை நாம் அறிவோம். அதில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன; அவற்றில் பட்டு ஒளி சிதறுவதாலேயே பால் வெண்மையாகத் தோன்றுகிறது. பசையும் அத்தகையதே. நீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைய, ஒளி ஊடுருவுகிறது. ஆகவே வெண்புள்ளி மறையும்வரை வில்லையை உரிக்கலாகாது. நமது ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாள் செல்லும். அதுவரை சிறுவர் விரலைத் தடுத்து வைப்பதே பெரும்பாடு!

பின்னர் விளிம்பில் துளையிட்டு நூல் கோத்து, காலை வெயில் படும் சன்னலின் உட்புறம் தொங்கவிடுக. சாரல் பட்டால் வில்லை மீண்டும் வெளுத்துக் குழையும். பார்வைக்கு மிட்டாய்போல் இருப்பதால், தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுவது நன்று.